கடைமடையில் ஓர் அட்டவணை

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் நூலக வேலைக்கு ஆசைப்பட்டுப் போனவர் அல்ல. கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் போய் உட்கார்ந்த சில நாட்களுக்குள்ளேயே, அந்தத் தனிமை தாங்காமல், பழைய கல்லூரிக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய் நூலகக் கலை படித்துவிட்டு வரட்டும், அதற்கு அப்புறமும் பிடிக்காவிட்டால் திரும்பிக் கொள்ளட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். போனார். படித்தார். அங்கே ஒரு பெரிய கடையில் குழந்தைகள் விளையாடும் மெக்கானோ சாமான்களைப் பார்த்தபோது, நாலு தகடும் நாலு திருகும் இருந்தால் எந்த உருவத்தையும் பூட்டலாமே, புஸ்தகங்களின் விஷயங்களையும் ஏன் இப்படிப் பூட்டிப் பார்க்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதாம். அதன் பலன்தான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கண்டு தயங்குகிற நூலக ஊழியர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுவது நம்மிடையே ஒரு நாகரிகமாகி விட்டது. வயசாகி விட்டது, மூளை மரத்துவிட்டது, மாற மாட்டார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். உலகத்து நூலகர்களுக்கெல்லாம் குருவாகக் கருதப்படுகிற மனிதரே தயங்கித்தான் உள்ளே நுழைந்தார். தயக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது, முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதுகிற மாதிரி.

எனக்குத் தெரிந்த தயக்கம் ஒன்று பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சிறு நூலகம். எந்த நூலகம் என்று எழுத வேண்டாம் என்று அதை நடத்தும் அம்மாளே கேட்டுக் கொண்டார். காலையில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள், பதினோரு மணிக்கு மேல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும், சாயங்காலம் தொடர்கதைக்காரர்கள். மரப்பீரோக்கள், ஒரு பேரேடு, வெளியே ஒரு தென்னை. நான் கல்லூரியில் அதிகம் படித்தவன் அல்ல. நான் கற்றதெல்லாம் இம்மாதிரி அறைகளில் கற்றதுதான். ஆகவே எனக்குப் பட்சபாதம் உண்டு என்பதை வாசகர்கள் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம்.

அந்த அம்மாளுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். திடீரென்று ஒரு நாள் புஸ்தக விவரமெல்லாம் இணைய வழியாகத்தான் என்று ஆயிற்று. இணைய அட்டவணையில் தேடு, மின்னூலகத்தைக் காட்டிக் கொடு, வருகிறவர்களுக்குப் பழக்கு. இவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். பயம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“பயம் என்ன சார் பயம்? பேரேட்டிலே ஒரு பேர் தப்பா இருந்தா நான் சிவப்பு மசியிலே ஒரு கோடு போட்டுத் திருத்திடுவேன். பக்கத்திலே என் கையெழுத்து. இதிலே தப்பு இருந்தா நான் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். திருத்தற அதிகாரம் நமக்கு இல்லேங்கறாங்க” என்றார்.

இதை விடச் சரியான விமரிசனம் ஒன்றை இந்த விஷயத்தில் நான் எங்கும் படித்ததில்லை. பழைய ஏற்பாட்டில் நூலகர் அட்டவணையின் ஆசிரியர். புது ஏற்பாட்டில் அவர் அட்டவணையின் வாசகர். அதுவும் ஓரத்தில் குறிப்பு எழுதக் கூடாத வாசகர். ரங்கநாதனுக்குத் தயக்கம் போனதற்குக் காரணம் அவர் புதுக் கருவியைக் கற்றுக்கொண்டது மட்டும் அல்ல. அதைப் பிரித்துப் பூட்டிப் பார்க்க அவருக்கு இடம் இருந்தது. இந்த அம்மாளுக்கு ஒரு சின்னக் கட்டத்தைக் கொடுத்து, இதில் தட்டுங்கள் என்கிறார்கள்.

அந்தக் கட்டத்தில் தட்டினால் என்ன வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அட்டவணை ஓர் இலக்கிய வடிவம் என்று நான் நினைக்கிறேன். அதற்கு ஒரு பாஷை இருக்கிறது, ஒரு நோக்கு இருக்கிறது, விட்டுவிட்டவை இருக்கின்றன. நாவலைப் பார்ப்பது போலவே அதையும் பார்க்கலாம்.

முதலில் பாஷை. தேடுவதற்குப் பெயரைத் தட்டி முடித்ததும் அமுக்க வேண்டிய பொத்தானில் ‘சமர்ப்பி’ என்று போட்டிருக்கிறது. “என்னத்தை சார் சமர்ப்பிக்கிறது? நாடியம்மனுக்குப் பூமாலையா?” என்று அந்த அம்மாள் கேட்டார். எழுதியவருக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தை வந்திராது. நாம் ஆபீஸ்களில் ‘கொடு’ என்கிறோம், ‘போடு’ என்கிறோம், ‘தேடு’ என்கிறோம். யந்திரத்துக்கு மட்டும் வடித்தெடுத்த ஒரு தமிழ். ‘பதிவுகள் ஏதும் கண்டறியப்படவில்லை’ என்று அது சொல்கிறபோது, கண்டறிய வேண்டியவர் யார், அவர் எங்கே போனார் என்று தெரிவதில்லை.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் பெயர்களில் இருக்கிறது.

ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி பட்டுக்கோட்டையாரின் பாடல் தொகுப்பு வேண்டும் என்று வந்தாள். கல்யாணசுந்தரம் இந்தப் பக்கத்து மனிதர். பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930-ல் பிறந்து, 29 வயசில், 1959-ல் போய்ச் சேர்ந்தவர். அம்மாள் புது உத்தரவுப்படி கட்டத்தில் தட்டினார். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்; ‘பட்டுக்கோட்டைக் கல்யாணசுந்தரம்’ என்று ஒற்றுப் போட்டுத் தட்டினார். ஏதும் கண்டறியப்படவில்லை. ஒற்றை எடுத்துவிட்டுத் தட்டினார், இரண்டு வந்தது. ‘கலியாணசுந்தரம்’ என்று தட்டினார். வேறு மூன்று வந்தது, அவற்றோடு திரு.வி.க.வும் வந்தார். அவரும் கலியாணசுந்தரனார்தானே! முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால், பட்டுக்கோட்டையிலேயே பட்டுக்கோட்டையார் இல்லை என்று ஆகியிருக்கும். புஸ்தகமோ அம்மாளின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் இருந்தது.

ஓர் ஒற்றெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை மனிதக் கண் பொருட்படுத்துவதே இல்லை. யந்திரத்துக்கு அது ஆறும் மலையும் மாதிரி. சந்தி விதி நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அதை அறிந்து தேடும்படி யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பது முடியாத காரியம் அல்ல. சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையும் விட வேடிக்கை மௌனியின் கதி. ‘ஔ’ என்பது ஓர் எழுத்து. ஆனால் ‘ஒ’ என்று ஒன்றும் ‘ள’ என்று ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் தட்டினாலும் பார்வைக்கு அதே உருவந்தான் கிடைக்கிறது. அதே மாதிரி ‘மௌ’ என்பதையும் ஒற்றைக் கொம்பு போட்டு, மகரம் போட்டு, ளகரம் போட்டு எழுதிவிடலாம். அச்சில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அவசரத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் தட்டியிருக்கிறார்கள். ஆகவே நம் மின் அட்டவணைகளில் மௌனி இரண்டு பேர். பாவம், அவர் வாழ்நாளில் எழுதியதே சுமார் இருபத்து நான்கு கதைகள். யந்திரம் அதையும் பாகம் பிரித்து விட்டது. ஔவையாருக்கும் இதே கதிதான். ‘ஸ்ரீ’யின் சங்கதி இன்னும் மோசம். 2005-ல் யூனிகோடு எழுத்து வரிசையில் ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, ஸ்ரீயை இரண்டு விதமாகத் தட்ட வழி ஏற்பட்டுவிட்டது. இரண்டும் கண்ணுக்கு ஒன்று. காவேரிக் கரை நூலகம் எதிலாவது பக்திப் புஸ்தகப் பீரோவைத் திறந்து பாருங்கள். முதுகுக்கு முதுகு ஸ்ரீ. எந்த ஸ்ரீ எந்த ஸ்ரீ என்று யார் கண்டார்?

வாசகர்களில் சிலர் இதெல்லாம் எழுத்துப் பிழை விவகாரம், இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கக் கூடும். பீரோவில் தவறான இடத்தில் வைத்த புஸ்தகம் ஒரு நாள் எவன் கையிலாவது தட்டுப்படும். பக்கத்துப் புஸ்தகத்தைத் தேடி வந்தவன் அதைத் தூக்கிப் பார்ப்பான், நான் கு.ப.ரா.வைக் கண்டுபிடித்தது அப்படித்தான். கட்டத்துக்குள் தவறாகப் போன புஸ்தகம் யார் கையிலும் தட்டுப்படாது. அதற்குப் பக்கத்துப் புஸ்தகம் என்று ஒன்று கிடையாது.

பெயர்களின் தொல்லை ரங்கநாதனுக்குத் தெரியாதது அல்ல. 1934-ல் அட்டவணை தயாரிப்பதற்கான விதிகளை அவர் புஸ்தகமாகவே போட்டார். இந்தியப் பெயர்களை மேல்நாட்டு விதிகளுக்குள் திணிக்க முடியாது என்பதை உணர்ந்தவர்; அவருடைய பெயரிலேயே ஊர் ஒன்று, தகப்பனார் ஒன்று, தாம் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்து உண்டு, அது சமயத்தில் மாறும். புனைபெயர் உண்டு. சொ. விருத்தாசலம் என்று தேடுகிறவனுக்குப் புதுமைப்பித்தனைக் காட்ட வேண்டும், ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுகிறவனுக்குக் கல்கியைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒப்புக்கொண்ட பெயர் ஒன்றும், அதன் கீழே அவர் எந்தெந்தப் பெயரில் எல்லாம் வரக் கூடும் என்பதும் எழுதி வைக்கிறார்கள். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லா எழுத்தாளர்களுக்கு மட்டும் இதைச் செய்து முடித்தாலே போதும், பாதித் தமிழ்ச் சிறுகதை ஒழுங்குக்கு வந்துவிடும்.

குற்றமே சொல்லிக் கொண்டிருப்பது நியாயம் அல்ல. இணையத்தில் தமிழ்ப் புஸ்தகம் ஏறிய சரித்திரம் பெருமைப்படத் தக்க சரித்திரம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்ஜர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் (இன்னொரு கல்யாணசுந்தரம்!) பல நாடுகளில் இருந்த தமிழர்களும் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்றினார்கள். 1981-ல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்தது; கிட்டத்தட்ட 97,000 புஸ்தகங்கள், அவற்றோடு ஏடுகள். அந்தச் சாம்பலின் ஞாபகம் இல்லாமல் 2005-ல் நூலகம் என்ற பெயரிலேயே இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய இணைய நூலகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புஸ்தகங்களும் பத்திரிகைகளும் அவர் 1992-ல் காலமான பிறகு சிதறிப் போகாமல், சிக்காகோ பல்கலைக் கழகத்தின் முயற்சியால் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் ஆயின, படச்சுருளில் ஏறின. 2001-ல் சர்க்கார் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக் கழகம், இன்றைக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகம், ஒரு மின்னூலகம் நடத்துகிறது. பட்டுக்கோட்டையில் இருக்கிறவன் சென்னைக்கு ரயில் ஏறாமல் நூறு வருஷத்துப் புஸ்தகத்தைப் பார்க்கலாம்.

அந்த அம்மாளின் தயக்கம் விட்டதும் அப்படி ஒரு புஸ்தகத்தால்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற பையன் ஒருவன் போனில் தமிழ் தட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். “அம்மா, இதை அழுத்திட்டு அதை அழுத்துங்க, அவ்வளவுதான்” என்று ஒரு வாரம். எட்டாவது நாள் எங்கேயோ ஒரு பழைய சமையல் புஸ்தகம் அகப்பட்டது. இவருடைய பாட்டி பண்ணுவாளாம் ஒரு பச்சடி. பெயர் மட்டும் ஞாபகம், பக்குவம் தெரியாது. அது அதில் இருந்தது. “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிச்சேன் சார். கண்ணு எரிஞ்சுது. நடுவிலே இரண்டு பக்கம் காணோம், ஒரு பக்கத்திலே படம் பிடிச்சவங்க கட்டை விரல் விழுந்திருக்கு. ஆனாலும் விடலே” என்றார். மறுநாளிலிருந்து யாரும் சொல்லாமலேயே தேட ஆரம்பித்தார்.

அந்தப் பழைய புஸ்தகத்தின் உள்ளே தேட முடியவில்லை என்பதையும் அவர்தான் கவனித்தார். பக்கங்கள் படமாக இருக்கின்றன, எழுத்தாக இல்லை. படத்தை எழுத்தாக மாற்றுகிற யந்திரம் வந்திருக்கிறது. ஆனால் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய அச்சில், கொம்பு வளைந்த லைகாரத்தையும் னைகாரத்தையும் கண்டால் அது அடிக்கடி தடுமாறுகிறது. நம் நல்ல இலக்கியத்தில் பெரும் பகுதி 1978-க்கு முந்தியது.

பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு கடைமடை என்றால் விளக்கம் வேண்டாம். மேட்டூரும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகுதான் (1934 வாக்கில்) இந்தச் சீமைக்குக் காவேரித் தண்ணீர் கிடைத்தது. இன்னமும் அதைப் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அணையில் திறந்துவிட்டேன் என்று மேலே சொல்வது ஒன்று, என் வயலில் வந்து பாய்ந்தது என்று கீழே சொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மதகும் வாய்க்காலும் இருக்கின்றன, மண்வெட்டியோடு ஓர் ஆள் இருக்கிறான். மின்னூலகத்தில் இத்தனை லட்சம் பக்கம் ஏற்றிவிட்டோம் என்கிற அறிக்கைகள் எல்லாம் அணைக் கணக்கு. மதகுக்காரனைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக் கூடிய மன்னார்குடியில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1931 அக்டோபரில், அங்கே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புஸ்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்ப ஏற்பாடு செய்தார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். அந்த வண்டியில் புஸ்தகம் மட்டும் போகவில்லை. புஸ்தகத்தைப் பற்றிச் சொல்ல ஓர் ஆளும் போனான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வது கூட அந்தக் காலத்து நூலக இயக்கத்தில் ஒரு காரியம். இப்போது வண்டி வேகமாக வந்துவிட்டது. வண்டிக்காரன் வரவில்லை.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதை வெளியூர்க்காரர்கள் மறந்திருக்கலாம். தென்னை மரங்கள் படுத்துவிட்டன, மின்கம்பங்கள் படுத்துவிட்டன; சில கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக் கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் அம்மாள் ஓட்டுக் கூரை ஒழுகிய நூலகத்தைத் திறந்து வைத்துக் கொண்டு, பேரேட்டைப் பார்த்துப் புஸ்தகம் கொடுத்துக் கொண்டிருந்தாராம். பேரேடும் நனைந்துதான் இருந்தது. கொடியில் காயப்போட்டுப் பிரித்தார். காகிதம் சாசுவதம் என்று நானும் சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களை யாரோ உடைத்து உள்ளே புகுந்தபோது, அவ்வளவு பெரிய ஸ்தாபனத்தின் இணைய அட்டவணை அடுத்த ஜனவரி வரையில் எழுந்திருக்கவில்லை. புயல் பட்டுக்கோட்டைக்கு மட்டும் வருவதில்லை.

இப்போது அம்மாளிடம் எண்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. இடது பக்கத்தில் வாசகர் சொல்லுகிற பெயர். வலது பக்கத்தில் யந்திரத்துக்குப் புரிகிற பெயர், அல்லது பெயர்கள். மௌனி இரண்டு விதம். ஸ்ரீ இரண்டு விதம். ஜானகிராமன், முதலெழுத்து முன்னால், முதலெழுத்து பின்னால், முதலெழுத்தே இல்லாமல். கல்யாணசுந்தரம் மட்டும் முக்கால் பக்கம். யாரும் சொல்லிச் செய்தது அல்ல. மேல்நாட்டில் இதையே பட்டம் பெற்றவர்கள் சம்பளம் வாங்கிக் கொண்டு செய்கிறார்கள் என்று நான் சொன்னபோது, “அப்படியா? அவங்களுக்கும் இந்தத் தலைவலிதானா?” என்று சந்தோஷப்பட்டார்.

அந்த நோட்டை யந்திரத்துக்குள் ஏற்ற வழி இருக்கிறதா என்று விவரம் தெரிந்த இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர், தாராளமாக ஏற்றலாம், ஒரு நாள் வேலை என்றார். மற்றவர், அப்படி வெளியிலிருந்து வருகிற திருத்தங்களை ஏற்றுக்கொள்ள விதியில் இடம் இல்லையே என்றார். இருவருமே சொன்னது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அம்மாளிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல், அன்றைக்கு வந்த ஒரு பெரியவர் கேட்ட பெயரை நோட்டில் எழுதிக் கொண்டிருந்தார். க.நா.சு. என்று கேட்டிருக்கிறார் பெரியவர். புள்ளி வைத்து ஒன்று, புள்ளி இல்லாமல் ஒன்று, சுப்ரமண்யம் என்று ஒன்று, சுப்பிரமணியம் என்று ஒன்று. இன்னும் இருக்குமா சார் என்று என்னைக் கேட்டார். மயன் என்ற பெயரில் கவிதை எழுதியிருக்கிறார் என்றேன். அதையும் எழுதிக் கொண்டார்.